மாத்திரை கைமாறும் இடம்

எங்கள் முதியோர் இல்லத்தில் சேர வருகிற பெரியவர்களோடு ஒரு கட்டைப்பையும் வரும். ஜவுளிக்கடைப் பெயர் அச்சிட்ட பை. அதற்குள் ஐந்தாறு வருட வைத்தியம் இருக்கும். பாதி கத்தரித்த மாத்திரை அட்டைகள், அரசு மருத்துவமனையில் கொடுத்த சின்னக் காகித உறைகள், எப்போது திறந்தது என்று தெரியாத கண் சொட்டு மருந்து, ஒரு டப்பா லேகியம், கிரிவலப் பாதையில் யாரோ கொடுத்த மூட்டுவலிச் சூரணம், நடுவே ஒரு விபூதிப் பொட்டலம். மகனோ மகளோ பையை மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் இதுலயே இருக்கு சிஸ்டர், எதை எப்ப போடணும்னு அம்மாவுக்கே தெரியும்" என்பார்கள். அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும், ஒரு கண்ணில் புரை இருக்கும்.

அந்தப் பையை அப்படியே வாங்கி அலமாரியில் வைத்துவிடும் இல்லங்கள் உண்டு. நாங்கள் முதல் நாளே செய்தித்தாள் விரித்து அதன்மேல் மொத்தத்தையும் கொட்டிவிடுவோம். ஒவ்வொன்றாக எடுத்து மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலாவதித் தேதி, யார் எழுதிக் கொடுத்தது, கடைசியாக எப்போது போட்டார் என்று எழுதுவோம். கத்தரித்த அட்டையில் பெயர் இருந்த பகுதி கடையிலேயே தங்கியிருக்கும், தேதி இருந்த பகுதி வேறு யாரோ வாங்கிப் போன துண்டில் போயிருக்கும். பெயர் தெரியாத மாத்திரை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவோம். வீட்டுக்காரர்களுக்கு இதில் வருத்தம்தான். "காசு கொடுத்து வாங்கினது" என்பார்கள். அந்த வருத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

செங்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா காலையில் எழுந்தால் தலை சுற்றி விழுந்துவிடுவார். வீட்டில் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிட்டார்கள். பையைக் கொட்டிப் பார்த்தோம். அரசு மருத்துவமனை உறையில் அம்லோடிபின் இருந்தது. தனியார் டாக்டர் எழுதிய அட்டையிலும் அதே அம்லோடிபின், வேறு கம்பெனிப் பெயரில். ஒன்று வெள்ளை, இன்னொன்று வேறு நிறம். இரண்டும் பிரஷர் மாத்திரை என்று அவருக்குத் தெரியும், இரண்டும் ஒன்றே என்று ஒருவரும் சொல்லவில்லை. படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்றதும் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்து டாக்டருக்குப் போன் செய்தோம். அவர் ஒன்றை நிறுத்தச் சொன்னார். அந்த வாரத்திலேயே அந்த அம்மா துணையில்லாமல் குளியலறைக்கு நடந்தார்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்த மருந்துத் தவறுகளில், மருத்துவம் தெரியாததால் நேர்ந்தவை குறைவு. மாத்திரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடத்தில்தான் பெரும்பாலும் தவறுகிறது. டாக்டரிடமிருந்து கடைக்கு, கடையிலிருந்து இல்லத்து அலமாரிக்கு, பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு, தட்டிலிருந்து வாய்க்கு. அந்த ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் நின்று படித்துப் பார்க்க வேண்டும். முதியோர் இல்லத்தில் மருந்து வேலை என்பது பெரும்பாலும் இந்தப் படித்துப் பார்த்தல்தான்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் உள்ள இந்த இல்லத்துக்கு நான் வேலைக்கு வந்தது 1990களின் கடைசியில். வடஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை 1989இல் தனி மாவட்டமாகப் பிரிந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. வேலூர் சாலையில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டினால் காலி மனைகளும் வயலும்தான். அப்போது இல்லத்தில் மருந்து அலமாரி என்று ஒன்று கிடையாது. ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. ஆயாக்கள் காலை இட்லியோடு மாத்திரையையும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர்களுக்குக் கணக்கு நிறம்தான். வெள்ளை உருண்டை சுகருக்கு, மஞ்சள் பிரஷருக்கு, சின்ன ரோஸ் தூக்கத்துக்கு. கெட்டிக்காரப் பெண்கள், ஒருவர் பெயரும் மறக்க மாட்டார்கள். ஆனால் கடையில் கம்பெனி மாறினால் நிறமும் மாறிவிடும். சுகருக்கு வெள்ளை என்று பழகிய கைக்கு அடுத்த மாதம் வெள்ளையில் வேறு மாத்திரை வரும்.

வேலையைச் சுலபமாக்க, முதல் நாள் இரவே சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் எல்லோருடைய மாத்திரையையும் பிரித்துப் போட்டு வரிசையாகத் தட்டில் அடுக்கி வைக்கும் வழக்கமும் இருந்தது. பார்க்க ஒழுங்காகத் தெரியும். அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைக்குப் பெயர் கிடையாது என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள். ஒருநாள் கிண்ணம் மாறியது. சுகரே இல்லாத அம்மாவுக்கு சுகர் மாத்திரை போய்விட்டது. பத்து மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, அன்று முழுக்க விடாமல் ரத்தத்தில் சர்க்கரை பார்த்துப் பார்த்துத்தான் அவரைத் தேற்றினோம். சுகர் மாத்திரையில் சில வகைகள் ஒருமுறை சரிந்த சர்க்கரையை ஏறவிடாமல் மறுபடி மறுபடி இறக்கும். பழைய கிளிபென்கிளமைடு அதில் மோசமானது, வயதானவர்களுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது என்று மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

அதற்குப் பிறகு கிண்ணங்கள் சமையலறைக்குத் திரும்பின. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியில் அவர் புகைப்படம். ஆளுக்கு ஒரு மருந்து சார்ட், அதிலும் புகைப்படம். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் மேலே சிவப்பு மையில். அட்டையைக் கட்டிலருகே கொண்டுபோய், சார்ட்டோடு ஒத்துப் பார்த்து, அங்கேயே பிரித்து, கையில் கொடுத்து, விழுங்கிய பிறகு கையெழுத்து. விழுங்குவதற்கு முன்னால் போடும் கையெழுத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. புதிதாக வருகிற பெண்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வேகமாக முடித்துவிட்டு வரிசையாகக் கையெழுத்துப் போடுகிற பெண்ணை நான் மருந்துப் பொறுப்பில் வைப்பதில்லை, எவ்வளவு சுறுசுறுப்பானவளாக இருந்தாலும்.

மருந்துச் சீட்டின் மொழி தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பாதி தெரியும். 1-0-1 என்றால் காலையும் இரவும். 0-0-1 என்றால் இரவு மட்டும். அந்தப் பாதித் தெளிவுதான் சிக்கல். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் போட வேண்டிய மாத்திரையை இந்தக் கணக்கில் எழுத முடியாது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் அப்படிப்பட்டது. வாரம் ஒரே நாள். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து, ஆளே போய்விடலாம். ஆரணிப் பக்கம் பட்டுத்தறியில் உழைத்த ஒரு பெரியவர் வெளியூர் மருத்துவமனையிலிருந்து திரும்பி எங்களிடம் வந்தார். டிஸ்சார்ஜ் தாளில் வாரம் ஒருமுறை என்று சரியாகவே இருந்தது. வழியில் ஒரு கடையில் மருந்து வாங்கியிருக்கிறார்கள், அட்டைமேல் பேனாவால் 0-0-1 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டார் அட்டையைத்தான் நம்பினார்கள். மூன்று இரவு போட்டுவிட்டு எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். சேர்க்கிற அன்றே அட்டையையும் டிஸ்சார்ஜ் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த எங்கள் நர்ஸ் பெண் அதைக் கண்டுபிடித்தாள். அன்று இரவே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் சார்ட்டில் வாராந்திர மாத்திரைக்குக் கிழமைப் பெயர் முழுதாக எழுதியிருக்கும், மற்ற ஆறு நாள் கட்டங்களும் குறுக்கே கோடு போட்டு அடைத்திருக்கும். எலும்பு வலுவுக்கான அலென்ட்ரோனேட்டும் அப்படியே. அதைப் போட்டபின் அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும், படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். இதயத்துக்கான டிகாக்ஸினுக்கு வாரத்தில் ஐந்து நாள் போட்டு இரண்டு நாள் விடச் சொல்லும் டாக்டர்கள் நம் ஊரில் நிறைய. அந்த இரண்டு நாளும் சார்ட்டில் அடைபட்டிருந்தால்தான் புதிதாக வருகிற பெண் தப்பு செய்ய மாட்டாள். தைராய்டு மாத்திரை காபிக்கு முன்னால், வெறும் வயிற்றில். எங்கள் இல்லத்தில் காலை காபி ஆறு மணிக்கு என்பதால் தைராய்டு ஐந்தேகாலுக்கு. சமையற்கட்டுக்குத் தெரியாமல் மருந்து அட்டவணை போட முடியாது.

போனில் மருந்து சொல்வதும் ஒரு பொல்லாத கைமாற்றம்தான். பெயர்கள் காதில் ஒன்றுபோலவே விழும். நீர் பிரியக் கொடுக்கும் லாசிக்ஸும் வயிற்று அமிலத்துக்கான லோசெக்கும் குழம்பியதால் அமெரிக்காவில் 1990இல் லோசெக்கின் பெயரையே பிரிலோசெக் என்று மாற்றினார்கள். நம் நாட்டில் ஒரே வணிகப் பெயரில் வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு மருந்து விற்றதும் உண்டு. அதனால் எங்கள் சார்ட்டில் மூலப்பெயர்தான் முதலில், கம்பெனிப் பெயர் அடைப்புக்குள். டாக்டர்கள் மூலப்பெயரை, முடிந்தவரை பெரிய எழுத்தில், படிக்கும்படி எழுத வேண்டும் என்று 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்தது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களிலிருந்து அச்சிட்ட தாள் வந்தால் எங்களுக்கு நிம்மதி. இப்போது வாட்ஸ்அப்பில் டாக்டர் மருந்து மாற்றம் அனுப்புகிறார். அதையும் திருப்பிப் படித்துச் சொல்லி, சார்ட்டில் ஏற்றி, அடுத்த முறை அவர் நேரில் வரும்போது கையெழுத்து வாங்குகிறோம். போனிலேயே கிடக்கும் உத்தரவு இரவு ஷிப்டுக்குத் தெரியாது.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் அதிகம் பயந்த மருந்து அதுதான். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவில் விற்கிறது. குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. மூடியை விட்டால் பார்வைக்கு இரண்டும் ஒன்றேபோல. பேனா பழுதாகிவிட்டது என்று 100 யூனிட் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். மாறி நடந்தால், அதாவது 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடியில் 20 கோடு இழுத்தால், போவது வெறும் 8. முதல் தவறு அன்றிரவே ஆளைக் கொல்லலாம், இரண்டாவது பல நாள் சர்க்கரையை ஏற்றி மெல்லக் கெடுக்கும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் படித்த பிள்ளைகளே திடுக்கிடுவார்கள். எங்கள் இல்லத்தில் சிவப்பு மூடிச் சிரிஞ்சும் ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. ஊசி போடுகிறவரும் இன்னொருவரும் அளவைப் பார்த்து, இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பிறகு குளிர்ச்சி. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 2012 வாக்கில் எங்கள் பக்கம் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இருக்காது. சித்திரை வெயிலில் ஃபிரிட்ஜ் வெறும் பெட்டியாக நிற்கும். அப்போது ஒரு பெரிய மண்பானையில் ஈர மணலிட்டு, அதற்குள் சிறிய பானை வைத்து, குப்பிகளை மூடி போட்ட டப்பாவில் அடைத்து உள்ளே வைத்தோம். பானையால் ஃபிரிட்ஜின் குளிர்ச்சியைத் தர முடியாது. ஆனால் நடந்துகொண்டிருக்கும் குப்பியை அறை வெப்பத்துக்குக் கீழே வைக்க அது போதும். அப்படித் திறந்த குப்பியைப் பெரும்பாலான வகைகளில் 28 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் திறந்த தேதியை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுவோம். வெயிலைவிட மோசம் ஃபிரீசர். உறைந்து இளகிய இன்சுலின் பார்க்க நன்றாகவே தெரியலாம், ஆனால் அதை நம்பிப் போட முடியாது. குளிர் அதிகம் இருக்கட்டும் என்று அக்கறையாக ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சொருகி வைக்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

இந்த ஊரில் இன்சுலினுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கார்த்திகை தீபத்தன்று எங்கள் பெரியவர்களில் பாதிப் பேர் விரதம். அதிகாலை பரணி தீபத்திலிருந்து மாலை ஆறு மணிக்கு மலைமேல் ஜோதி தெரியும் வரை ஒன்றும் வாயில் வைக்க மாட்டார்கள். 2668 அடி உயர மலை எங்கள் மொட்டை மாடியிலிருந்து நன்றாகத் தெரியும். தீபம் பார்த்ததும் பொரி உருண்டை, அடை. பகல் முழுக்கப் பட்டினியில் சுகர் மாத்திரை, மாலையில் ஒரேயடியாக வெல்லம். "விரதம் இருக்கக் கூடாது" என்று சொல்லிப் பார்த்த காலம் உண்டு. வாழ்நாளெல்லாம் இருந்த விரதத்தை எண்பது வயதில் யார் விடுவார்? மாத்திரையை ஒளித்து வைத்துக்கொண்டு போட்டதாகச் சொன்னார்கள். இப்போது திருவிழாக் கொடி ஏறியதுமே யார் யார் விரதம் என்று கேட்டு எழுதிக்கொள்வோம். டாக்டர் ஒவ்வொருவருக்கும் அன்றைய அளவை மாற்றி எழுதித் தருவார். சிலருக்குக் காலை மாத்திரை இல்லை, சிலருக்கு ஊசி பாதி, சிலரிடம் அவரே உட்கார்ந்து பேசி பாலும் பழமும் சாப்பிடச் சம்மதிக்க வைப்பார். மதியத்துக்குள் இரண்டு முறை விரலில் குத்திப் பார்ப்போம், சர்க்கரை 70க்குக் கீழே போனால் விரதம் முடிந்தது. சாமி கோபிக்க மாட்டார் என்று சொல்வதற்கு எங்கள் இல்லத்தில் ஒரு வயதான பாட்டியே இருக்கிறார், அவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். மற்ற நாட்களுக்கு விதி ஒன்றுதான். சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகே ஊசி.

தீபம், பௌர்ணமி நாட்களில் சாலைகளை அடைத்துவிடுவார்கள், வண்டிகள் ஊருக்கு வெளியே நிற்கும். டாக்டர் வர முடியாது, கடைப் பையன் வர முடியாது. அதனால் எங்களிடம் எப்போதும் பத்து நாள் மருந்து கையிருப்பில் இருக்கும். 2020 மார்ச் ஊரடங்கில் பிள்ளைகள் அங்கங்கே மாட்டிக்கொண்டபோதும், 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு உயிர் போன அந்தக் கொடிய நாட்களிலும் அந்தக் கையிருப்புதான் எங்களைக் காப்பாற்றியது. ஊரடங்கு இன்னொன்றையும் மாற்றியது. அதுவரை அவரவர் வீட்டிலிருந்து மருந்து வரும். அதன் பிறகு ஒரே கடையில், முழு அட்டையாக, பில்லோடு நாங்களே வாங்குகிறோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பகல் மாத்திரையெல்லாம் போடுவார், சாயங்கால மாத்திரையை மட்டும் துப்பிவிடுவார். மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது ஒரு கைப்பிடி கிடந்தது. சோற்றில் பிசைந்து கொடுத்துவிடலாம் என்று ஒரு ஆயா யோசனை சொன்னார். தெளிந்த புத்தியுள்ள மனிதருக்குத் தெரியாமல் மருந்து ஊட்ட யாருக்கும் உரிமை இல்லை, அது நம் அப்பாவாக இருந்தாலும். அருகில் உட்கார்ந்து கேட்டேன். "அதைப் போட்டா ராத்திரி நாலு தடவை எழுந்து போகணும்மா. இருட்டுல விழுந்துட்டா யார் பாக்கறது?" என்றார். அது லாசிக்ஸ். கால் வீக்கத்துக்காகக் கொடுத்தது. கால் வீங்கியது ஏன் என்று பின்னால் போனால், அம்லோடிபின். அந்த பிரஷர் மாத்திரை சிலருக்குக் காலை வீங்க வைக்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை, அதனால் தசைப் பிடிப்பு, பிடிப்புக்கு இன்னொன்று. டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றினார். வீக்கம் வடிந்தது, லாசிக்ஸ் நின்றது, பிடிப்பு மாத்திரையும் நின்றது. வாத்தியார் ஐயா துப்பியது சரிதான் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

விழுங்க முடியாதவர்களுக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது இன்னொரு பழக்கம். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., ஈ.ஆர். என்று இருந்தால் அது நாள் முழுக்க மெல்லக் கரையச் செய்த மாத்திரை. பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். குடலில் கரைய வேண்டிய மேல்பூச்சு போட்ட மாத்திரைகளையும் உடைக்கக் கூடாது. பொடிக்கும் முன் கேளுங்கள், சிரப்பாகவோ கரையும் மாத்திரையாகவோ கிடைக்குமா என்று டாக்டர் பார்ப்பார்.

தூக்க மாத்திரையைப் பற்றி இந்தத் துறையில் வெளியே பேச மாட்டார்கள். நான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஆள் குறைவான இல்லங்களில் இரவு அமைதியாக இருக்க அது ஒரு சுலப வழி. இரவு ஷிப்டில் ஒரே பெண், இருபது முப்பது பெரியவர்கள், அதில் நாலு பேர் ஞாபக மறதியில் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே பெண்ணை மட்டும் வைத்து இல்லம் நடத்துகிறவர்களைத்தான் குறை சொல்வேன். அல்ப்ரஸோலம் போட்ட பாட்டி நடு இரவில் தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதிலிருந்து எழுந்திருக்காமலே போனதைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை அமெரிக்க மருத்துவர் பியர்ஸ் 1991இலேயே வெளியிட்டார். அந்த வகை மாத்திரைகள் இன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2014 மார்ச் முதல் நம் நாட்டு மருந்து விதிகளில் அவை எச்1 அட்டவணையில் வந்தன. கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எங்களிடமும் அவற்றுக்குத் தனிப் பூட்டு, ஷிப்டு மாறும்போது இருவர் எண்ணிக் கையெழுத்து. ஒன்று மட்டும் எச்சரிக்கை. வருடக்கணக்கில் போட்டவருக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டர் மேற்பார்வையில் வாரம் வாரமாகத்தான் குறைக்க வேண்டும். குறைத்த பின் பெரியவர்கள் பகலில் விழித்திருப்பதையும் பேச்சு திரும்புவதையும் பார்ப்பது எனக்கு இந்த வேலையின் பெரிய சந்தோஷம்.

முதியோருக்கென்று தனி வைத்தியம் உண்டு என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்றியது டாக்டர் வி.எஸ்.நடராசன் போன்றவர்களால். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இல் அதற்கான எம்.டி. படிப்பே தொடங்கியது. ஆனால் அப்படிப் படித்தவர்கள் மாவட்டத்துக்கு வந்து சேர்வது அரிது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் மாவட்டத்துக்கு ஒரு இல்லத்திலிருந்து தொடங்கி அரசு முதியோர் இல்லங்கள் அமைக்கலாம் என்றது. ஆனால் மாத்திரையை யார் கையால் கொடுப்பது, அவருக்கு என்ன பயிற்சி என்பதை இல்லங்கள்தான் தங்கள் மனசாட்சிப்படி முடிவு செய்கின்றன. இது மாற வேண்டும்.

கோயில் ஊர் என்பதால் தானம் செய்ய வருகிறவர்கள் அதிகம். திதி, பிறந்தநாள், அமாவாசை. சாப்பாடு போடுவார்கள், அதுவே எங்களுக்குப் பெரிய உதவி. சிலர் இறந்துபோன அப்பாவின் மிச்ச மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். "வீணாப் போகக் கூடாதுன்னு" என்று சொல்லும்போது கண் கலங்கும். அந்த மனசுக்குக் கும்பிட்டுவிட்டு, மருந்தை வாங்க முடியாது என்று சொல்லிவிடுவோம். எங்கே எந்த வெயிலில் இருந்தது என்று தெரியாத மருந்தை இன்னொருவர் உடம்பில் ஏற்ற முடியாது. எங்களிடம் காலாவதியாகும் மருந்து 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள் பையில் போகிறது. குப்பைத் தொட்டியிலோ ஏரிப் பக்கமோ வீசக் கூடாது.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு ஒரு புதுப் பெண் போன் செய்தாள். குரல் நடுங்கியது. "சிஸ்டர், பக்கத்துக் கட்டில் தாத்தாவோட பிரஷர் மாத்திரையை இவருக்குக் கொடுத்துட்டேன்." அவள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. டாக்டரைக் கேட்டு, கால்களை உயர்த்திப் படுக்க வைத்து, அரை மணிக்கொரு தரம் ரத்த அழுத்தம் பார்த்து விடிய வைத்தோம். அந்தத் தாத்தா காலையில் காபி கேட்டார். அந்தப் பெண்ணைத் திட்டவில்லை, சம்பளம் பிடிக்கவில்லை. எங்களிடம் ஒரு நோட்டு உண்டு. நடந்த தவறும் நடக்கப் பார்த்த தவறும் அதில் எழுதப்படும், பெயர் இல்லாமல். மாதம் ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து படிப்போம். அவள் தவறு நடந்த காரணம், அன்று அந்த வராந்தாவில் குழல்விளக்கு எரியவில்லை. மறுநாள் விளக்கு மாற்றினோம். உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்தால் வரும் தீங்கைக் குறைக்க உலகளவில் ஓர் இயக்கம் தொடங்கியபோது அடிப்படையாகச் சொன்னதும் இதைத்தான்: ஆளைத் தண்டித்தால் தவறு மறைந்துகொள்ளும், அமைப்பைத் திருத்தினால்தான் குறையும்.

இப்போது தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இலிருந்து சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. கிராமத்திலிருந்து எங்களிடம் வருகிறவர்கள் முன்னைவிட ஒழுங்காக மருந்து போட்டவர்களாக வருகிறார்கள். அரசின் முதல்வர் மருந்தகங்களில் விலையும் குறைந்திருக்கிறது. மருந்து கிடைப்பது கூடக் கூட, எதை நிறுத்துவது என்று கேட்க வேண்டிய அவசியமும் கூடியிருக்கிறது.

அப்பாவையோ அம்மாவையோ ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்களிடம் சில வார்த்தைகள். சேர்க்கும் முன் அவர்கள் போடும் எல்லா மருந்தையும் ஒரே தாளில் எழுதி வாருங்கள். லேகியம், சூரணம், கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, கண் சொட்டு, எல்லாம். எந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதுங்கள். கடைசி டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுவாருங்கள். அந்த இல்லத்தில் மாத்திரை யார் கொடுக்கிறார்கள், எங்கே எழுதுகிறார்கள் என்று கேளுங்கள், சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம், "இதில் எதை நிறுத்தலாம்?" என்று நீங்களே கேளுங்கள். பார்க்க வரும்போது நீங்களாக ஒரு மாத்திரையும் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எங்களிடம் கொடுங்கள், படித்துப் பார்த்துச் சார்ட்டில் ஏற்றிக்கொள்கிறோம்.